புளிப்பில்லாத அப்பம்

நம் நாட்டில் அப்பம் சுடுவோர் முதல்நாளே மாவைக் கரைத்து, கள்ளோ வேறு புளிப்போ கூட்டிப் பொங்க வைப்பது வழக்கம். ஆதலால், தமிழ் விவிலியத்தில் வரும் 'புளிப்பில்லாத அப்பம்' என்னுந் தொடர் நம் செவிக்குச் சற்றே முரணாக ஒலிக்கின்றது. அத்தொடரின் பின்னே நெடியதொரு வரலாறு உண்டு.

எகிப்திலே அடிமைப்பட்டிருந்த இஸ்ரவேலர் விடுதலை பெற்றுப் புறப்பட்டபோது, பிசைந்த மா புளிக்குமட்டும் தரித்திருக்க இயலாது போயிற்று என்றும், புளியாத மாவையே அப்பமாகச் சுட்டனர் என்றும் யாத்திராகமம் கூறும். எபிரேய மொழியில் அவ்வப்பத்தின் பெயர் 'மத்ஸா'. மாவில் நீர் பட்டு 18 நிமிடத்துக்குள் அதனைச் சுட்டெடுத்தல் வேண்டும் என்பது யூதர் வகுத்த விதி. விரைவின் நினைவு அங்ஙனம் சட்டமாயிற்று.

புளித்த பண்டத்தை அவர்கள் 'ஹாமெத்ஸ்' என்பர். காடியை 'ஹோமெத்ஸ்' என்பர். இரண்டும் புளிப்பைக் குறிக்கும் ஓரடியிற் பிறந்தவை. பின்னர், கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே மோசேயின் நூல்களைக் கிரேக்கத்திற் பெயர்த்த யூதர், மத்ஸாவை 'அசூமோஸ்' என்றனர். 'சூமே' என்பது புளித்தமா. முன்னிற்கும் அகரம் இன்மையை உணர்த்தும். உள்ளதைச் சுட்டிய பெயர் இவ்வாறு இல்லாததைச் சுட்டும் பெயராயிற்று.

அவ்வின்மையே பிற்காலத்தில் பூசலுக்கு வித்தாயிற்று. நற்கருணைக்கு உரோமைத் திருச்சபையார் புளியாத அப்பத்தையும், கிரேக்கத் திருச்சபையார் புளித்த அப்பத்தையும் வழங்கினர். இறுதி இராவுணவு பஸ்காக் காலத்தது என்பது முன்னவர் வாதம். புளிப்பே அப்பத்துக்கு உயிர் என்பது பின்னவர் வாதம். கிரேக்கர் தம் எதிரிகளை 'அசூமித்தர்' என்று இகழ்ந்தனர். 1054ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாள், உரோமைத் தூதரான கர்தினால் ஹம்பர்ட், கொன்சுதாந்திநோபிளின் பேராலயப் பீடத்தில் விலக்கோலையை வைத்துச் சென்றார். அப்பிளவுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இவ்வப்பமும் ஒன்று. 1439இல் புளோரன்சு நகரிற் கூடிய சங்கம், புளித்ததும் புளியாததும் செல்லுபடியாகும் என்று தீர்த்தும் பிளவு மாறவில்லை.

தமிழ்த் தொடரோ, இன்மையாற் பெயரிடுவதிற் கிரேக்கத்தையும், புளிப்பென்னுஞ் சுவையை அடியாகக் கொள்வதில் எபிரேயத்தையும் ஒத்து நிற்கின்றது. கேரளத்துத் தோமையார் கிறித்தவரும் பெரிய வியாழன் இரவில், அரிசியும் உழுந்தும் அரைத்துப் புளிக்க விடாது அவித்த பெசகா அப்பத்தைக் குடும்பத் தலைவர் பிட்டுக் கொடுக்க உண்பர். 'பெசகா' என்பது பஸ்காவுக்குரிய அரமாய்ச் சொல். தானியம் மாறிற்று, மொழி மாறிற்று. புளிக்கக் காத்திராத அந்த ஓரிரவின் நினைவு மட்டும் மாறவில்லை.