புழுவெட்டு: மரபுக் காரணமும் சிகிச்சையும்

தலை, தாடி, புருவம் ஆகிய இடங்களில் காசளவு வட்டமாக முடி உதிர்ந்து, தோல் வழவழப்பாகத் தெரியும் நிலையைப் ‘புழுவெட்டு’ என்கிறோம். மருத்துவத்தில் இதன் பெயர் அலோபீசியா ஏரியேட்டா. பெயரில் புழு இருப்பினும், எந்தப் புழுவும் பூச்சியும் இதற்குக் காரணமன்று. இது தொற்றுநோயும் அன்று. பாதிக்கப்பட்ட குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டியதில்லை. எனினும் முடி உதிர்ந்த இடத்தில் செதிலும் அரிப்பும் இருந்தால், அது தொற்றக்கூடிய பூஞ்சை நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளவும்.

ஏன் ஏற்படுகிறது?

நமது நோய் எதிர்ப்பு அணுக்கள் வழக்கமாக முடியின் வேர்ப்பையைத் தாக்குவதில்லை. இந்நோயில் அப்பாதுகாப்பு குலைந்து, ‘டி அணுக்கள்’ எனப்படும் வெள்ளையணுக்கள் வேர்ப்பையைச் சூழ்ந்து தாக்குகின்றன. முடி உதிர்கிறது, ஆனால் வேர்ப்பை அழிவதில்லை. ஆகவே முடி மீண்டும் வளர வாய்ப்புண்டு.

இது பரம்பரை நோயா?

பெற்றோரிடமிருந்து வருவது நோயன்று. நோய்க்கான சாய்வு மட்டுமே. 2010-ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு, எதிர்ப்பாற்றலை ஒழுங்குபடுத்தும் பல மரபணுக்களுக்கு இந்நோயுடன் தொடர்பு இருப்பதைக் காட்டியது. அவற்றுட் சில முதல் வகை நீரிழிவு, முடக்குவாதம் ஆகியவற்றுடனும் தொடர்புடையவை. ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில்கூட ஒருவருக்கு மட்டும் இந்நோய் வருவதுண்டு. நோயுற்றோரின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. எனவே இதற்காக எவரையும் குறை கூற இடமில்லை. மரபணுப் பரிசோதனையும் தேவையில்லை. தைராய்டு குறைபாடு, வெண்புள்ளி ஆகியவை உடன் இருக்கக்கூடும் என்பதால், மருத்துவர் அவற்றைக் கவனிப்பார்.

சிகிச்சை முறைகள்

• ஓரிரு திட்டுகள் மட்டும் இருப்பின், ஓராண்டுக்குள் முடி தானாகவே வளர்வதுண்டு.
• பெரியவர்களுக்கு, திட்டுகளில் 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போடப்படும். சிறு குழந்தைகளுக்குப் பூச்சு மருந்தே முதலில் தரப்படும்.
• புதிய முடி முதலில் வெள்ளையாக இருக்கலாம். பின்னர் பெரும்பாலும் நிறம் திரும்பும்.
• பரவலான பாதிப்புக்கு, எதிர்ப்பு அணுக்களின் சமிக்ஞையைத் தடுக்கும் ‘ஜாக்’ தடுப்பு மாத்திரைகள் உள்ளன. இவ்வகையில் பாரிசிட்டினிப் 2022-இல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு ஒப்புதல் பெற்றது. இவற்றைத் தொடங்குமுன் காசநோய், கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் அவசியம். கருவுற்றோர் உட்கொள்ளலாகாது. நிறுத்தினால் முடி மீண்டும் உதிரக்கூடும்.

தவிர்க்க வேண்டியவை

பூண்டை அரைத்துப் பூசினால் தோல் வெந்து புண்ணாகலாம். மருத்துவரின் ஆலோசனையின்றி ஸ்டீராய்டு மாத்திரைகளை வாங்கி உட்கொள்ள வேண்டாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

முடி உதிர்வு விரைந்து பரவினாலோ, புருவமும் இமை முடியும் உதிர்ந்தாலோ, நகங்களில் சிறு குழிகள் தோன்றினாலோ, அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவை அணுகவும். குழந்தை பிறர் முன் வரத் தயங்கினாலோ, கேலிக்கு உள்ளானாலோ அதையும் மருத்துவரிடம் தெரிவிக்கவும். ஆசிரியரிடம் ‘இது தொற்றாது’ என்று எடுத்துச் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.