மலையேறும் பழைய டீசல் பிக்கப்... பவரை ஏத்துறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கவனிங்க!

ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. அமெரிக்காவில் ஒரு பழைய டாட்ஜ் ராம் பிக்கப், பின்னாடி பெரிய ட்ரெய்லரை இழுத்துக்கிட்டு, கறுப்புப் புகையைக் கக்கியபடி மலையேறும். கமென்ட் முழுக்க `வேற லெவல்' என்று நெருப்பு எமோஜி பறக்கும். ஆனால், அந்தக் கறுப்புப் புகை கெத்து இல்லை மக்களே... சரியாக எரியாமல் வீணாகிற டீசல்!

இத்தனைக்கும் அந்த இன்ஜின் நமக்கு அந்நியம் இல்லை. 5.9 லிட்டர், 6 சிலிண்டர் கம்மின்ஸ் பி சீரிஸ். ஜாம்ஷெட்பூரில் தயாராகி, நம்ம ஊர் டாடா லாரிகளில் ஓடியதும் இதே குடும்பம்தான். அமெரிக்காவில் 1989-ம் ஆண்டு டாட்ஜ் பிக்கப்பில் அறிமுகமானது. ட்யூனிங் பிரியர்கள் தேடித் தேடி வாங்குவது, 1994 முதல் 1998 தொடக்கம் வரை வந்த 12 வால்வ் மாடலை. காரணம், அதன் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். லேப்டாப் வேண்டாம், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

மலை என்ன செய்யும்?

கொலராடோ மாநிலத்தில், ஐ-70 நெடுஞ்சாலையில் இருக்கிறது ஐசன்ஹோவர் சுரங்கம். உயரம் சுமார் 11,000 அடி. ஊட்டியைவிட 3,500 அடி அதிகம். அங்கே காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைவு. டர்போ ஓரளவு ஈடுகட்டும். ஆனால் அதற்காக அது இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும்.

இப்போ கணக்கு சிம்பிள். டீசல் எரிய காற்று வேண்டும். காற்று குறைவான இடத்தில் டீசலை மட்டும் கூட்டினால் புகை வரும். கூடவே வெப்பமும் எகிறும். காலி வண்டியில் இரண்டு நிமிஷம் விரட்டினால் தாங்கும். 4 டன் ட்ரெய்லரோடு அரை மணி நேரம் ஏறினால், டர்போவும் பிஸ்டனும் காலி!

முதல் செலவு மீட்டருக்கு!

எக்ஸாஸ்ட் வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர், டர்போ அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டர், கியர்பாக்ஸ் ஆயில் வெப்பத்தைக் காட்டும் மீட்டர்... இந்த மூன்றும் இல்லாமல் ட்யூனிங்கில் இறங்காதீங்க. டர்போவுக்கு முன்னால் அளக்கும்போது 1,250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 675 டிகிரி செல்சியஸ்... இதைத் தாண்டி நீண்ட நேரம் ஓட்டக் கூடாது என்பது இந்த இன்ஜின்காரர்களின் பொது விதி. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். பிஸ்டன் அலுமினியம். ஆயில் குளிர்ச்சி இருப்பதால்தான் அது பிழைக்கிறது. முள் ஏறினால் ஆக்ஸிலரேட்டரைக் குறைத்து, ஒரு கியர் இறக்குங்க. அவ்வளவுதான் வைத்தியம்.

எந்த வரிசையில் செய்யணும்?

* பழுது முதலில்: இந்த இன்ஜினில் டைமிங் கியர் பகுதியில் ஒரு சின்ன இரும்பு பின் உண்டு. அதிர்வில் கழன்று கியருக்குள் விழுந்தால் இன்ஜினே போச்சு. அதனால் இதற்கு `கில்லர் டவல் பின்' என்றே பெயர்! அது கழலாதபடி தடுப்பு போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.
* காற்று அடுத்து: ஃபில்டர், இன்டர்கூலர், ஹோஸ் லீக் செக் பண்ணுங்க. லீக் அடைத்தாலே வெப்பம் குறையும்.
* டீசல் கடைசியில்: பம்ப்புக்குள் இருக்கும் ஃப்யூயல் பிளேட்தான் அதிகபட்ச டீசலை முடிவு செய்கிறது. அதை மாற்றலாம், ஆனால் அளவாக. டைமிங்கை கொஞ்சம் முன்தள்ளினால் எக்ஸாஸ்ட் வெப்பம் இறங்கும். ஆனால் சிலிண்டர் அழுத்தம் கூடி, ஹெட் கேஸ்கெட்டுக்குச் சுமை ஏறும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும்.
* கியர்பாக்ஸை மறக்காதீங்க: ஆட்டோமேட்டிக் என்றால் இன்ஜினுக்கு முன்பே அதுதான் கைவிடும். ஏற்றத்தில் ஓவர்டிரைவை ஆஃப் பண்ணுங்க. ஆயில் கூலரைப் பெரிதாக்குங்க.

ஏறுவதைவிட இறங்குவதுதான் மேட்டர்!

ஐசன்ஹோவர் சுரங்கத்திலிருந்து மேற்கே இறங்கும் சாலை 7 சதவிகிதச் சரிவு. 100 மீட்டருக்கு 7 மீட்டர் இறக்கம். பிரேக் பிடிக்காத லாரிகள் ஏறி நிற்பதற்கென்றே அங்கே தனிச் சரிவுப் பாதைகள் வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் இன்ஜின் போல காற்றை அடைக்கும் த்ராட்டில் இந்த டீசலில் இல்லை. அதனால் இன்ஜின் பிரேக்கிங்கும் குறைவு. இங்கேதான் எக்ஸாஸ்ட் பிரேக் உயிர் காக்கும். புகைக் குழாயை அடைத்து, இன்ஜினையே பிரேக்காக மாற்றிவிடும். 12 வால்வில் இதைப் போடும்போது எக்ஸாஸ்ட் வால்வ் ஸ்பிரிங்கையும் கெட்டியானதாக மாற்ற வேண்டும். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கன்ட்ரோலரும் கட்டாயம்.

நம்ம ஊர் லாரி டிரைவர்கள் சொல்வதும் இதுதான்: `எந்த கியர்ல ஏறுறியோ, அந்த கியர்லயே இறங்கு.' கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதே விதிதான்.

சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்காவில் புகைக்கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றுவது, `கிளீன் ஏர் ஆக்ட்' சட்டப்படி குற்றம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றத் தடை போடுகிறது. அதனால் ரீல்ஸைப் பார்த்துவிட்டு அப்பாவின் பொலேரோ பிக்கப்பில் கை வைக்காதீங்க ப்ளீஸ்!

நல்லா ட்யூன் பண்ணின வண்டி புகையைக் கக்காது. மீட்டர் முள் பச்சையில் நிற்க, சத்தமில்லாமல் ஏறி, சூடேறாத பிரேக்கோடு இறங்கும். அதுதான் உண்மையான கெத்து!