பயிற்சியும் சங்கமும்: கிண்டி, சைதாப்பேட்டை வட்டார ஆசிரியர் வரலாறு

அடையாற்றின் வடகரையிலுள்ள சைதாப்பேட்டையும் தென்கரையிலுள்ள கிண்டியும் அதற்கப்பால் உள்ள தரமணியும் சேர்ந்த நிலப்பரப்பு, நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழக ஆசிரியர்கள் தம் தொழிலைக் கற்கும் களமாக இருந்து வருகிறது. கற்பிக்கும் முறையை வருங்கால ஆசிரியருக்குச் சொல்லித்தரும் ‘நார்மல் பள்ளி’ ஒன்றை அரசு 1856-ல் வேப்பேரியில் தொடங்கியது. அது 1880-களில் ஆசிரியர் கல்லூரியாக உயர்ந்து, அப்பத்தாண்டின் பிற்பகுதியில் சைதாப்பேட்டைக்கு இடம்பெயர்ந்தது. பட்டதாரிகளை ஆசிரியப் பணிக்குத் தகுதியாக்கும் எல்.டி. என்னும் சான்றினைச் சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கத் தொடங்கியதும் அக்காலத்தில்தான். அதுவே பின்னர் பி.டி. என்றும் பி.எட். என்றும் பெயர் மாறியது. மாநிலக் கல்லூரியில் பணியேற்ற, பின்னாளில் குடியரசுத் தலைவரான இளம் ராதாகிருஷ்ணனும் 1910-ல் எல்.டி. பயிற்சிக்காகச் சைதாப்பேட்டைக்கு அனுப்பப்பட்டார். அங்கே உடன்பயின்றோருக்கு அவர் ஆற்றிய உளவியல் சொற்பொழிவுகள் பின்னர் நூலாயின.

சைதாப்பேட்டைக் கல்லூரியின் வரலாறு அரசு அறிக்கைகளிலும், ஆசிரியர் சங்கங்களின் வரலாறு மாநாட்டு மலர்களிலும் தனித்தனியே பதிவாகியிருப்பதால், பயிற்சி அரசின் பணி, போராட்டம் சங்கத்தின் பணி என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. தொடக்க காலச் சான்றுகள் இப்பிரிவினைக்கு இடந்தரவில்லை. 1890-ல் சென்னையில் ஆசிரியைகள் அமைத்த சங்கம் இந்தியாவின் முதல் ஆசிரியர் அமைப்புகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. 1895-ல் தோன்றிய சென்னை ஆசிரியர் கில்டு என்னும் தொழிற்குழுவில் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி முன்னின்றார். 1904-ல் உருவான திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. சிறுவருவாய்க்காரரான ஆசிரியர், அறிவையும் அரிசியையும் கூட்டாகவே தேட வேண்டியிருந்த காலம் அது.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில், பல ஊர்களில் இயங்கிய இத்தகைய கில்டுகளை இணைத்துத் தென்னிந்திய ஆசிரியர் சங்கம் எழுந்தது. 1928 முதல் அது நடத்திய ‘தி சவுத் இந்தியன் டீச்சர்’ என்ற ஆங்கில மாத இதழில் பாடத்திட்ட விவாதமும் பணிநீக்கக் குமுறலும் அடுத்தடுத்த பக்கங்களில் இடம்பெற்றன. உறுப்பினர்களே பணம் செலுத்தி, இறந்தவர் குடும்பத்துக்கும் ஓய்வுபெற்றவருக்கும் உதவும் பாதுகாப்பு நிதி ஒன்றையும் சங்கம் நடத்தியது. ஓய்வூதியம் அரசுப்பள்ளி ஆசிரியருக்கு மட்டுமே உரியதாக இருந்ததால், அரசு மானியம் பெற்றுத் தனியார் நடத்திய ‘உதவி பெறும்’ பள்ளிகளில் பணியாற்றியோருக்கு அந்நிதியே முதுமைக்கால நம்பிக்கை. அவர்களுடைய வேலை தாளாளரின் விருப்பத்தில் நின்றது. கோடை விடுமுறைக்கு முன் நீக்கி, பள்ளி திறந்ததும் மீண்டும் அமர்த்துவது போன்ற வழக்கங்களால், பணியில் எவ்வளவு திறம் பெற்றாலும் நிலைத்திருக்க உறுதியில்லை. கற்றறிந்தோரின் உரையாடல் மன்றமாகப் பிறந்த அமைப்பு கோரிக்கை மனுவின் அமைப்பாக மாறியதற்கு இதுவே முதற்காரணம். கொள்கை வேட்கையைவிட இந்த அன்றாட அச்சம்தான் அதை மாற்றியது எனக் கொள்வதே பொருந்தும்.

முதற்பெரும் பயன் 1955-ல் கிட்டியது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53) பரிந்துரைத்த வழியில், ஓய்வூதியம், வருங்கால வைப்புநிதி, காப்பீடு ஆகிய மூன்றையும் ஒருங்கே தரும் ‘முந்நலத் திட்டம்’ உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கும் வந்தது. பணிப் பாதுகாப்புக்கு மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டம், உரிய அலுவலரின் முன்னனுமதியின்றி ஆசிரியரை நீக்கலாகாது என்றும், தற்காலிகப் பணிநீக்கம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தால் காரணங்காட்டி நீட்டிப்புப் பெற வேண்டும் என்றும் விதித்தது. கல்லூரி ஆசிரியருக்கு இதையொத்த காப்பினை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. 1981 ஜூன் முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். வேலை உறுதிப்பட்டபின் சங்கங்களின் கவனம் ஊதியத்தில் குவிந்தது. கற்பித்தலைப் பற்றிய பேச்சு படிப்படியாக அரசு நிறுவனங்களின் வசமாயிற்று.

அந்நிறுவனங்களுள் பல இந்தத் தென்சென்னை வட்டாரத்தைச் சுற்றியே எழுந்தன. 1920-ல் கிண்டிக்கு வந்த பொறியியல் கல்லூரியும், 1959-ல் அதற்கு அண்டையில் தொடங்கிய ஐ.ஐ.டி.யும், தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியருக்கென 1964-ல் தரமணியில் அமைந்த பயிற்சி நிறுவனமும் இதற்குச் சான்று. ஐ.ஐ.டி.களில் 1970 முதல் நடந்த தரமேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் பணியில் இருந்தபடியே முதுகலை, முனைவர் பட்டங்களுக்குப் படிக்க முடிந்தது. 1986-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் தோன்றிய கல்விப் பணியாளர் கல்லூரிகளில் சில வாரங்கள் நடந்த புத்தொளிப் பயிற்சிகள் பதவி உயர்வுக்கு நிபந்தனையாயின. அந்நிபந்தனை புதிய ஊதிய விகிதத்தோடு சேர்ந்தே வந்தது. அந்த ஊதியத் திட்டம் தொடர்பாக 1987-ல் நாடெங்கும் கல்லூரி ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். விரும்பிப் போன வகுப்பு, பணிப்பதிவேட்டில் ஒரு பதிவுக்காகப் போகும் வகுப்பாகச் சுருங்கியது ஓர் இழப்பே.

போராட்டத்துக்கு அப்பால் ஆசிரியரின் குரலுக்கு இன்னொரு வாசலும் இருந்தது. சட்டமன்ற மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆசிரியருக்கு இருந்தது. ஆயினும் அது உயர்நிலைப் பள்ளியிலும் அதற்கு மேற்பட்ட நிலையிலும் கற்பிப்போருக்கு மட்டுமே உரியதாகையால், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் விலக்கப்பட்டிருந்தனர். 1986 நவம்பரில் மேலவை கலைக்கப்பட்டதும் அவ்வாசலும் அடைபட்டது. ஆசிரியரும் அரசு ஊழியரும் கூட்டாகத் தெருவில் இறங்கிய பெரும் போராட்டங்கள் 1980-களின் பிற்பாதியைச் சேர்ந்தவை என்பது தற்செயலாகவும் இருக்கலாம். 2003 ஜூலையில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது, அத்தியாவசியப் பணிகள் சட்டத்தின்படி ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம் பேர் ஒரே வீச்சில் நீக்கப்பட்டனர். வேலைநிறுத்தம் அரசு ஊழியரின் அடிப்படை உரிமையன்று என உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் தீர்ப்பளித்தாலும், பெரும்பாலோர் மீண்டும் பணிக்குத் திரும்ப முடிந்தது.

சங்கமும் பயிற்சியும் மீண்டும் முட்டிக்கொண்ட இடம் ஊக்க ஊதியம். பணியிலிருந்தபடி கூடுதல் பட்டம் பெற்ற ஆசிரியருக்கு முன்கூட்டியே ஊதிய உயர்வு தரும் இவ்வேற்பாடு 1960-களின் இறுதியிலிருந்து நடைமுறையில் இருந்தது. மாலை வேளையிலும் அஞ்சல்வழியிலும் ஆயிரக்கணக்கானோர் எம்.ஏ., எம்.எட். படித்ததற்கு அதுவும் ஒரு தூண்டுதல். 2020 மார்ச்சில் அரசு அதை நிறுத்தியது. அதை மீட்டளிக்க வேண்டும் என்பது, பழைய ஓய்வூதியத் திட்டத்தை மீண்டும் கொண்டுவரும் கோரிக்கையுடன், ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்கள் இணைந்த ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பின் பட்டியலில் சேர்ந்தது.

தகுதி குறித்த மோதல் பின்னர் நீதிமன்றத்திலும் எழுந்தது. 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போரில் ஏற்கெனவே பணியில் இருப்போரும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் உள்ளோர் இரண்டு ஆண்டுகளில் தேறாவிட்டால் பணியை இழக்க நேரும். ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளோர் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிட்டாது. நியமனக் காலத்தில் இல்லாத தகுதியை இருபது ஆண்டுகளுக்குப் பின் கேட்பது முறையன்று எனச் சங்கங்கள் எதிர்த்தன. தமிழக அரசு சீராய்வு மனுவைத் தாக்கல் செய்ததோடு, பணியிலுள்ளோருக்கெனச் சிறப்புத் தகுதித் தேர்வுகளையும் அறிவித்தது.