கவிதை வராத வேளை

ஒரு திங்கள் பாட்டு வராவிடில் எழுதுகோலையே கீழே வைத்துவிடும் இளங்கவிஞர் நம்மிடையே உளர். அவர்கள் அரபுக் கவிஞர்தம் வரலாற்றை அறிதல் நலம்.

உமையாக்கள் காலத்துப் பெருங்கவிஞர் ஃபரஸ்தக். ஓரடி புனைவதினும் பல்லொன்றைப் பிடுங்குவதே எளிதாகத் தோன்றும் வேளை தமக்கும் உண்டென அவர் ஒப்புக்கொண்டாராம். அக்காலத்தவரே குஸைய்யிர். கவிதை கைகூடாதபோது பாழடைந்த குடியிருப்புகளையும் பசும்புல் வெளிகளையும் அவர் சுற்றி வருவார் என, கி.பி. 889இல் மறைந்த இப்னு குதைபா தம் கவிஞர் வரலாற்று நூலில் குறிக்கிறார்.

அப்பாஸியர் காலத்து அபூ தம்மாம், இளைஞரான புஹ்துரீக்குக் கூறிய அறிவுரை இன்னும் நயமானது. கவலை குறைந்த வேளையைத் தேர்க. உறங்கி எழுந்த உள்ளம் தெளிந்திருக்கும் ஸஹர் நேரமே சிறந்தது. மனம் சலித்தால் அதற்கு ஓய்வு தருக என்றார் அவர்.

சொல் தயங்கியதைப் புலமை வற்றியதாக அம்மேதைகள் எண்ணவில்லை. தஹஜ்ஜுத் தொழுது முடித்த அமைதியில், நம் இளைஞரும் மீண்டும் ஒரு தாளை எடுக்கட்டும்.