'இயல்பான வீச்சு' என்கிற சொல்

கோல்ஃப் ஆட்டக்காரர்களின் மட்டைவீச்சை ஒப்பிட்டு ரசிப்பவர்களிடம் இரண்டு சொற்கள் உண்டு: பயின்ற வீச்சு, இயல்பான வீச்சு. முதலாவது காசு கொடுத்துக் கற்றது. இரண்டாவது தானாக வந்ததாம். இந்தத் 'தானாக'தான் எனக்கு உறுத்துகிறது.

1964இல் தொடங்கிய இந்திய ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், வருஷம் 1991. டெல்லி கோல்ஃப் கிளப்பில் பிறருடைய மட்டைப்பையைத் தூக்கியவர். 2016, 2017 இரண்டு ஆண்டும் அதே கோப்பையை வென்ற சௌரசியா, 1829இல் வெள்ளையர் தொடங்கிய ராயல் கல்கத்தா கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகன். இப்படிப்பட்டவர்களைத்தான் 'இயல்பு' என்று புகழ்கிறோம்.

பை தூக்குகிறவன் சும்மா நிற்பதில்லை. முழங்கை எங்கே மடங்குது, இடுப்பு எப்போ திரும்புது, பந்து எங்கே விழுது என்று நாள் பூராவும் பிறர் உடல்களைப் பாக்குறதும் அவன் வேலைதான். வீச்சுகளை ஒப்பிட்ட முதல் விமர்சகன் அவன்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய முசரவாக்கத்திலிருந்து பார்க்கும்போது இதில் புதுசு ஒன்றுமில்லை. கோர்வைப் பட்டில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. ஒரு பக்கக் கரை நாடாவை வீச நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். முன்பெல்லாம் பெரும்பாலும் சிறுபிள்ளை. நாடா வீசிக்கொண்டே பெரியவர் கையைப் பார்த்துத் தொழில் படித்தது அது. அதையும் 'ரத்தத்திலேயே வந்தது' என்றுதான் சொல்லிவைத்தோம்.

ரத்தம், இயல்பு என்ற சொற்கள் பாராட்டுப் போலத்தான் இருக்கின்றன. அவை அழிப்பது உழைப்பின் வரலாற்றை. வீச்சை ரசிக்கலாம், தப்பில்லை. யாருக்குப் பக்கத்தில், என்ன சுமந்து நின்று அதைக் கற்றார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.