கிரவுன் பல்லின் இரண்டு முகங்கள்

பழைய டொயோட்டா ஹைலக்ஸின் பின் ஆக்சிலிலிருந்து கழற்றிய கிரவுன் வீலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கம் புடைத்தும் மறுபக்கம் குழிந்தும் இருக்கும். புடைத்த முகம் கண்ணாடிபோல் மின்னும். குழிந்த முகம் மங்கலாகக் கிடக்கும். வண்டி முன்னே போகும்போதெல்லாம் பினியன் தள்ளியது புடைத்த முகத்தை. குழிந்த முகத்துக்கு ரிவர்ஸிலும், இறக்கத்தில் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்கும்போதும்தான் வேலை. பல்லுக்குப் பலம் புடைத்த முகத்தில்.

1979 முதல் 1985 வரை அமெரிக்காவில் விற்ற நாலு சக்கர ஓட்ட ஹைலக்ஸில் முன்னும் பின்னும் ஒரே 8 அங்குல டிஃபரன்ஷியல். ஒன்றைக் கழற்றி மற்றதன் இடத்தில் பூட்டலாம். பின்னால் இருந்ததை முன்னுக்குக் கொண்டுபோனால் பினியன் வண்டியின் பின்பக்கம் பார்த்து நிற்கும். சக்கரம் சரியான திசையில்தான் சுழலும், ஆனால் சுமை முழுக்கக் குழிந்த முகத்துக்கு மாறிவிடும்.

80 வரிசை லேண்ட் குரூசரின் முன் டிஃபரன்ஷியல் வேறு ஜாதி. இதுவும் 8 அங்குலம்தான். ஆனால் பினியன் ஆக்சிலின் மையத்துக்கு மேலே நிற்கும், பல் எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வெட்டியிருக்கும். அதனால் முன்னே இருந்துகொண்டே புடைத்த முகத்தில் சுமை தாங்கும். இதைப் பின் ஆக்சிலில் மாட்டுகிறவர்களும் உண்டு. சஸ்பென்ஷனை உயர்த்திய குட்டை வண்டியில் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் செங்குத்தாக இறங்கி யூனிவர்சல் ஜாயிண்ட் அடிக்கடி போகும். பினியன் மேலே இருந்தால் அந்தக் கோணம் தணியும்.

இரண்டு மாற்றமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போலத் தோன்றும். இரண்டிலுமே பலவீனமான முகம்தான் உழைக்கிறது. ஆனாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முன் ஆக்சிலுக்கு ஹைலக்ஸில் ஓய்வு அதிகம். தார்ச்சாலையில் ஹப்பைத் திறந்துவிட்டால் கிரவுன் சும்மா இருக்கும். மேடேறும்போது வண்டியின் பாரம் பின்னால் சாய்ந்துவிடுவதால், முன் சக்கரம் மண்ணைப் பிடித்து இழுக்கும் பலமும் குறையும். பெரிய டயர் போட்டு முன்னாலும் லாக்கர் வைத்தவர்களுக்குக்கூடப் பெரும்பாலும் முதலில் உடைவது சக்கரத்தருகே உள்ள பர்ஃபீல்டு ஜாயிண்ட். கிரவுன் அதற்குப் பிறகுதான். பின் ஆக்சிலுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது இழுக்கிறது, ஏற்றத்தில் பாரமெல்லாம் அதன் தலையில் இறங்குகிறது. அங்கே குழிந்த முகத்தை நம்புவது ஆபத்து. எண்ணெயும் ஒரு கவலை. மேலே நிற்கும் பினியனின் பேரிங், கிரவுன் வீல் வாரி வீசும் எண்ணெயை நம்பித்தான் இருக்கிறது. பின்னால் வைக்கும்போது கிரவுன் வீல் சுழலும் திசை உள்ளுக்குள் தலைகீழாகிவிடும்.

ஆகவே 80 வரிசையின் முன் டிஃபரன்ஷியல் கிடைத்தால் அதை ஹைலக்ஸின் முன் ஆக்சிலுக்கே கொடுங்கள். ஹவுசிங்கின் உள்ளே கொஞ்சம் கிரைண்டர் ஓட்டினால் உட்கார்ந்துவிடும், 30 ஸ்ப்லைன் ஆக்சில் ஷாஃப்ட்டும் பொருந்தும். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் பாறையிலிருந்து சற்று மேலேறும். பல் விகிதம் பின்னால் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் முதலில் எண்ணிப் பார்த்துவிடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: இப்படி மாற்றிய வண்டியில் ரிவர்ஸில் மேடேறுவதுதான் முன் கிரவுனுக்கு ஆகாது. அப்போது குழிந்த முகம் சுமை வாங்கும்.

கையில் இருப்பது பழைய பின் டிஃபரன்ஷியல் மட்டும்தான், அதைத்தான் முன்னுக்குப் போட்டாக வேண்டும் என்றால், பல்லில் புளூ பூசிச் சுற்றிப் பதிவு பார்க்கும்போது மின்னுகிற முகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இதுவரை மங்கலாகக் கிடந்த முகம்தான் இனி உழைக்கப்போகிறது. அதன் பதிவு பல்லின் நடுவில் விழும்வரை ஷிம்மை மாற்றி மாற்றிப் பாருங்கள்.