புறங்கொடுத்தலும் பின்வாங்கலும்

வெண்ணிப் போரில் பட்ட புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான் சேரமான் பெருஞ்சேரலாதன். புறங்கொடுத்தலை முன்னோர் அத்துணை இழிவாகக் கருதினர். ஆயினும், ஒழுங்காகப் பின்வாங்குதல் ஓட்டமன்று. போர்த்தொழிலில் அதனினும் அரிய செயல்கள் சிலவே. பேராக் மாநிலமே இதற்குச் சான்று.

1941 டிசம்பரில் ஜப்பானியர் நெருக்க, 11ஆம் இந்திய டிவிஷன் தெற்கு நோக்கி நகர்ந்தது. பின்காவல் 12ஆம் பிரிகேடின் பொறுப்பு. ஈப்போவுக்கு வடக்கே, ஜெலாப்பாங்கையும் தாண்டியுள்ள செம்மோரில், அது 26, 27 ஆகிய நாள்களில் பகைவரைத் தடுத்துநின்று, பின்னர் ஈப்போவைக் கடந்து கோப்பேங் சேர்ந்தது. ஓரணி நின்று சுடும். மற்றோர் அணி பின்னே சென்று புதிய நிலையில் அமரும். பிறகு முன்னணி அதனூடே விலகிச் செல்லும். கடைசி வீரன் கடந்ததும் பாலம் தகர்க்கப்படும். சொல்ல எளிது, சற்றே முந்தினால் தன் படையே அக்கரையில் சிக்கும், பிந்தினால் பாலம் பகைவனுக்குச் சொந்தம்.

கம்பாரில் டிசம்பர் 30 முதல் நான்கு நாள் கடும்போர். சீக்கிய வீரர்கள் துப்பாக்கி முனைக் கத்தியுடன் பாய்ந்து, இழந்த குன்றுமுகட்டை மீட்டனர். எனினும் மேற்குக் கடற்கரையில் ஜப்பானியர் இறங்கியதால் பின்வழி அடைபடும் நிலை. ஜனவரி 2 இரவில் படை கம்பாரை விட்டகன்றது.

அந்த ஒழுங்கு நெடுநாள் நீடிக்கவில்லை. 1942 ஜனவரி 7 விடியுமுன், சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் நெடுஞ்சாலை வழியே புகுந்தன. வாரக்கணக்கில் உறக்கமின்றித் தளர்ந்திருந்த டிவிஷன் சிதறிற்று. ஆற்றுப் பாலமும் தகர்க்கப்படாமலே பகைவர் கைப்பட்டது.